பத்தில் ஒரு பங்கு நிலம்

உங்கள் குடியிருப்பில் எங்காவது ஓரிடத்தில் நாலைந்து கிரவுண்ட் நிலம் கம்பி வேலிக்குள் காலியாகக் கிடக்கும். ஒரு மூலையில் வேப்பமரம், இன்னொரு மூலையில் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, நடுவில் பையன்கள் ஓடி ஓடிப் புல் தேய்ந்த பிட்ச். வேலியில் ஒரு தகரப் பலகை: 'இது மாநகராட்சிக்குச் சொந்தமான இடம். அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' அதைப் படிப்பவர், இது கவர்மென்ட் இடம், நமக்கு இதில் வேலை இல்லை என்று நகர்ந்துவிடுகிறார். ஒருநாள் காலையில் ஜேசிபி வந்து நிற்கும். அப்போதுதான் டீக்கடையில் பேச்சு கிளம்பும். "என்னண்ணே கட்டப் போறாங்க?" என்று ஒருவர் கேட்பார். தண்ணீர்த் தொட்டி என்பார் ஒருவர், குப்பை பிரிக்கும் ஷெட் என்பார் மற்றவர். விவரம் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.

ஜேசிபி வருவதற்கு முன்பே யார் யாரைக் கேட்டிருக்க வேண்டும், எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் கணக்கும் வரும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், அந்த நிலம் மாநகராட்சிக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியதல்ல. ஒருவர் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி, சாலை போட்டு, மனை பிரித்து விற்கிறார். அவருக்கு லேஅவுட் அனுமதி கொடுக்கும்போது ஒரு நிபந்தனை உண்டு. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதைப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலமாகக் கொடுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இது இருக்கிறது. வழக்கம் அதைவிடப் பழையது. சென்னைப் பக்கம் இதை ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள், கோவைப் பக்கம் ரிசர்வ் சைட்.

கணக்கைப் பாருங்கள். சாலை போக 10,000 சதுர மீட்டர் மிஞ்சினால், ஒதுக்கீடு 1,000 சதுர மீட்டர். அதாவது நாலரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 25 சென்ட். மனை போட்டவர் இதைத் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுத்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். விற்ற மனைகளின் விலையில் அது ஏறியிருக்கிறது. இருபது வருடத் தவணையில் கடன் அடைக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் அடைக்கிறார். பத்திரத்தில் பெயர் மாநகராட்சியுடையது. ஆனால் அது கையில் வந்ததே இந்த மக்கள் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. வைத்திருந்து காப்பதற்காகக் கொடுத்த சொத்தை, தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.

இதை உச்ச நீதிமன்றமே அழுத்திச் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஓர் இடத்தை, 1976-இல் முதலமைச்சரின் உத்தரவின் பேரில் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு நர்சிங் ஹோம் கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். தனி நீதிபதி முன் தோற்றார்கள், உயர் நீதிமன்ற அமர்வில் வென்றார்கள், 1991-இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா என்று திட்டத்தில் வரைந்துவிட்டால் அது பூங்காதான், ஆட்சியில் இருப்பவரின் விருப்பத்துக்கு அதைத் தனியாரிடம் தூக்கிக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்காக வழக்காட அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதே தீர்ப்பில் உறுதியானது. 'நீங்கள் யார் கேட்க?' என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மக்களைக் கேட்பது என்றால், மக்கள் சொன்னால் எதையும் செய்யலாம் என்று பொருளல்ல. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் கோயில் கட்டலாம், கல்யாண மண்டபம் கட்டலாம், சங்கத்துக்கு ஆபீஸ் கட்டலாம் என்று தெருவே கைதூக்கினாலும் அது செல்லாது. இன்றைக்குக் கைதூக்குகிறவர்கள் நாளை வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். அடுத்து வருகிற குழந்தைக்கும் அந்த மண்ணில் ஓட உரிமை இருக்கிறது. திறந்தவெளி என்ற எல்லைக்குள் மரம் வேண்டுமா, மைதானம் வேண்டுமா, மழைநீர் தேங்க ஒரு பள்ளம் வேண்டுமா, பெரியவர்கள் உட்காரப் பெஞ்சு வேண்டுமா, வேலிக்கு எத்தனை வாசல், விளக்கு எத்தனை மணி வரை என்பதையெல்லாம்தான் கேட்க வேண்டும். சின்ன விஷயங்கள் போலத் தெரியும். அந்த இடத்தை யார் பயன்படுத்துவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது முழுக்க இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

எப்போது கேட்பது? இங்கேதான் நம் ஊரில் பெரும்பாலும் தவறுகிறது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருபவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது என்று முடிவு. வியாசர்பாடி போன்ற இடங்களில் கால்பந்து எப்படி வளர்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் கனம் புரியும். ஒரு வீட்டில் இரண்டு பையன்கள் தினமும் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 7,200 ரூபாய். எதிர்ப்பு வெடித்தது. ஓரிரு நாளிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள். திரும்பப் பெற்றது நல்ல முடிவு, மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தத் திடல்களில் ஆடும் பிள்ளைகளையும் பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார்களையும் தீர்மானத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்காரவைத்துப் பேசியிருந்தால், புல்லைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற நியாயமான கேள்விக்கும் சேர்த்தே ஒரு வழி கிடைத்திருக்கலாம்.

டெண்டர் விட்டு, வரைபடம் போட்டு, பூமி பூஜைக்கு நாள் குறித்த பிறகு கருத்து கேட்பது, பத்திரிகை அடித்து மண்டபமும் பிடித்துவிட்டுப் பெண்ணைப் பார்த்து 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்பது போலத்தான்.

இங்கிலாந்தில் இதை 1985-இலேயே நீதிமன்றத்தில் பேசி முடித்தார்கள். லண்டனில் பிரெண்ட் என்ற உள்ளாட்சி, பள்ளிகளை மூடுவது பற்றிப் பெற்றோரிடம் கருத்து கேட்ட விதத்தை எதிர்த்து வழக்கு வந்தது. வழக்கறிஞர் ஸ்டீபன் செட்லி அங்கே வைத்த நாலு வரையறைகளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான விவரம் தர வேண்டும். போதுமான நேரம் தர வேண்டும். சொன்னதை மனசாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2014-இல் ஹாரிங்கே என்ற இன்னோர் உள்ளாட்சியின் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டு ஒரு படி மேலே போனது. அங்கே ஏழைகளுக்கான வரிச்சலுகையைக் குறைக்க ஒரே ஒரு திட்டத்தை மக்கள் முன் வைத்தார்கள். வரியைக் கூட்டலாம், கையிருப்பிலிருந்து எடுக்கலாம் என்ற மற்ற வழிகளைப் பற்றிச் சரியாகச் சொல்லவே இல்லை. வேறு வழி இருப்பதையும், அதை ஏன் வேண்டாம் என்றோம் என்பதையும் மக்களிடம் சொல்லாமல் கேட்டது முறையல்ல என்றது நீதிமன்றம்.

நம் தெருமுனை நிலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 'இங்கே உரக்கிடங்கு வரப்போகிறது, உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால், நாற்றம் வரும், வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வார்டில் வேறு எந்த இடங்களைப் பார்த்தோம், அங்கே ஏன் முடியாது, தினமும் எத்தனை வண்டி வரும், நாற்றத்துக்கு என்ன ஏற்பாடு, எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு பக்கத் தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள். பதில்கள் மாறும். மக்கள் வளர்ச்சிக்கு எதிரி என்று சில அதிகாரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். விவரம் கொடுக்காமல் கேட்டால் பயம்தான் பதிலாக வரும். அதற்கு மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

இங்கிலாந்திலேயே ஒரு நிலத்தின் கதையும் உண்டு. ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் கிரீன்ஃபீல்ட்ஸ் என்ற பொது விளையாட்டு நிலம். பொதுமக்களின் பொழுதுபோக்குக்கென்று பல பத்தாண்டுகளாக ஊர் மன்றத்தின் கையில் இருந்தது. 2017-இல் அதன் ஒரு பகுதியை மன்றம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றது. திறந்தவெளி நிலத்தை விற்பதற்கு முன், உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் கொடுத்து ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அதைச் செய்யவில்லை. வீடு கட்ட அனுமதியும் கிடைத்தது. ஊர்க்காரர் ஒருவர் விடாமல் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். விளம்பரம் செய்யாமல் விற்றதால் அந்த நிலத்தின் மேல் மக்களுக்கு இருந்த உரிமை அழிந்துவிடவில்லை என்று 2023-இல் தீர்ப்பு வந்தது, கட்டட அனுமதி ரத்தானது. இரண்டு வாரப் பத்திரிகை விளம்பரத்துக்கு அவ்வளவு பலம். ஊர் மக்களுக்குச் சொல்வது என்ற அந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இனி, யாரைக் கேட்பது? நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சாதாரணமாக ஒரு அதிகாரி 'மக்களிடம் கேட்டுவிட்டோம்' என்றால், குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவரையும் செயலாளரையும் கேட்டிருப்பார். அவர்கள் பொறுப்பானவர்கள்தான், தெரு விளக்குக்கும் கால்வாய்க்கும் அலைந்து மனுக் கொடுப்பவர்கள் அவர்களே. ஆனால் பல சங்கங்களில் உறுப்பினர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர். அதே தெருவில் பன்னிரண்டு வருடமாக வாடகைக்கு இருப்பவருக்குக் கூட்டத்துக்கு அழைப்பு வராது. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. அந்த நிலத்தின் ஓரத்தில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருப்பவர், அங்கே மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் ஆட்டோக்காரர்கள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மரத்தடியில் கால் நீட்டும் அக்காமார்கள் யாரும் கணக்கில் வருவதில்லை. லேஅவுட்டுக்கு அப்பால் இருக்கும் பழைய ஊர்த் தெருவையும் காலனியையும் சேர்ந்த பையன்கள், லேஅவுட் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் ஆடியவர்கள். வேலி போட்டு, ஒரே வாசல் வைத்து, அதையும் லேஅவுட் பக்கம் வைத்துவிட்டால், அவர்களை வராதே என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பூங்கா அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பொதுப் பூங்காவாக இருக்காது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. திட்டம் போடுவதற்கு முன் ஒரு வாரம், வெவ்வேறு நேரத்தில் அந்த இடத்தில் போய் நின்று யார் வருகிறார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். விடியற்காலையில் நடப்பவர்கள், பத்து மணிக்கு வடாம் காயவைப்பவர்கள், நண்பகலில் நிழலுக்கு ஒதுங்குபவர்கள், நாலரைக்குப் பள்ளிப் பையோடு வரும் பிள்ளைகள், இருட்டிய பிறகு பாட்டிலோடு வருபவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தால்தான் பல பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்பதும் அப்போது தெரியும். அறிவிப்பை மாநகராட்சி வளாகத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. ரேஷன் கடை, அங்கன்வாடி, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், தொடக்கப் பள்ளி வாசல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நிலத்தின் வேலியிலேயே, என்ன யோசனை என்று வரைபடத்தோடு ஒட்ட வேண்டும். வேலை நாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள். ஞாயிறு சாயங்காலம் ஒன்று, வார நாளில் இரவு ஏழரைக்கு மேல் ஒன்று என்று வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவரும் வர முடியும்.

கவுன்சிலரை நாம்தானே தேர்ந்தெடுத்தோம், மறுபடியும் எதற்கு ஒவ்வொன்றுக்கும் கேட்பது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சென்னையில் 200 வார்டுகள். ஒரு வார்டில் பல்லாயிரம் பேர். அத்தனை பேரின் சாயங்காலமும் எப்படிக் கழிகிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க முடியாது. அதை யோசித்துத்தான் அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. அது 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்து, நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடியது 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில். தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பது போல நகரத்துக்கு இது. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூட வேண்டும்.

அமைப்பு வந்துவிட்டது, அதில் உயிர் இன்னும் ஏற வேண்டும். பல இடங்களில் இது குறைதீர்க்கும் முகாம் போலவே நடக்கிறது. கால்வாய் அடைப்பு, தெருநாய், விளக்கு எரியவில்லை. இவையும் வேண்டியவைதான். ஆனால் 'இந்தப் பகுதியில் மாநகராட்சிக்கு இன்னின்ன சர்வே எண்களில் இவ்வளவு நிலம் இருக்கிறது, இதற்கு என்ன செய்யலாம்' என்று ஒரு பட்டியலைச் சபை முன் வைத்தால்தான் அது சபை. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரம் பொறியாளருக்கு இருக்கிறது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த அவசரத்துக்கு மருந்து, பணம் வருவதற்கு முன்பே கேட்டு வைத்திருப்பதுதான். ஒவ்வொரு காலி இடத்துக்கும் மக்கள் விருப்பம் இன்னது என்று கோப்பில் இருந்தால், நிதி வந்த அன்றே வேலை தொடங்கலாம்.

கேட்ட பிறகு பதில் வேண்டும். யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று நாலு பத்தி எழுதி அதே வேலியில் ஒட்டினால் போதும். தன் யோசனை தள்ளுபடியானவர்கூடக் காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார். காரணம் சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், அவர் தெருவும் வராது. இது கருணையும் அல்ல. தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1) பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியமான முடிவுகளின் விவரங்களை அதிகாரிகள் தாங்களாகவே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது.

இனி உங்கள் பங்கு. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் லேஅவுட்டின் அனுமதி எண், அங்கீகரித்த வரைபடத்தின் நகல், திறந்தவெளி ஒதுக்கீட்டின் தானப் பத்திர எண்ணும் தேதியும், அந்த இடத்துக்கு ஏதாவது திட்டம் இருந்தால் அதன் மன்றத் தீர்மானம் ஆகிய நாலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பத்திர எண் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலும் வில்லங்கச் சான்றும் வாங்கிவிடலாம். தானப் பத்திரமே பதிவாகவில்லை என்று பதில் வந்தால் அதுதான் முதல் அவசரம், அதை உடனே எழுத்தில் ஆணையருக்குத் தெரிவியுங்கள். பதிவாகாத ஒதுக்கீட்டு இடம் மெல்ல மனையாக மாறி விற்பனையாகிவிடும் ஆபத்து உண்டு.

அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பகுதி சபைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். வாடகை வீட்டுக்காரரையும், இஸ்திரிக்காரரையும், வேலைக்கு வரும் அக்காவையும், பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருங்கள். பேசியதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.